மை வைக்கும் விரல்

என் இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களும், கல்யாண வீட்டில் நான் சோறு வைக்கும்போது இலையிலிருந்து தலை தூக்குகிறவர்களும் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மில்லுல போச்சோ?" என்பார்கள். ராஜபாளையத்தில் மிஷினுக்கு விரலைக் கொடுத்தவர்களுக்குக் குறைவில்லை. "ஆமா, மில்லுலதான்" என்று நானும் சொல்லிவிடுவேன். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் என் அண்ணன். விரலை வெட்டியவனும் அவன்தான். கூடப் பிறந்த மூத்தவனை அவன் இவன் என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். மரியாதை வேண்டுமென்றால் விரலைத் திருப்பித் தரட்டும், 'அவர்' போடுகிறேன்.

அவனைக் கெட்டவன் என்று நீங்கள் முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பதினாறு. என்னை வளர்த்தது அவன். மகாராஜபுரத்துக்குப் பக்கம் ஓர் ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவன். கட்டியவன் குடிக்கமாட்டான், பீடி பிடிக்கமாட்டான், ஊருக்குத் தங்கமான பிள்ளை. வீட்டுக்குள் சோறு குழைந்தால் அடிப்பான், விறைத்தாலும் அடிப்பான். இரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இடது காதில் சவ்வு கிழிந்து சீழ் வடிந்த பிறகுதான் யாரோ போய் அண்ணனிடம் சொன்னார்கள். அன்றைக்கே வந்து என்னைப் பெட்டியோடு கிளப்பினான். பின்னாலேயே அந்த ஆளும் கத்திக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பட்டப்பகல், அத்தனை ஜனம். "இந்தக் கைதானலே எந்தங்கச்சி மேல விழுந்தது?" என்று கேட்டு, அவன் வலது கையை நின்றிருந்த பஸ்ஸின் படியில் வைத்து அண்ணன் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் என் நல்ல காதுக்குக் கேட்டது. சட்டையில் ரத்தத்தோடு வந்து என் கையில் ஒரு பால்கோவாப் பொட்டலத்தைத் திணித்து, "தின்னு. அழாதட்டி" என்றான். நான் தின்றேன். அன்றைக்கு அவன் எனக்குச் சாமி. இதை மறைத்தால் நான் பொய்க்காரி.

அவன் சொல்லித்தான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. கோன் வைண்டிங் பிரிவு, நூலைக் கோனில் சுற்றுகிற இடம். எங்கள் ஊர் மேற்கே மலையடிவாரத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவில். ஷிப்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்வருவேன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் ஒரு கறவை ஆடும் இருந்தோம்.

எண்பதுகளின் நடுவில்தான் முதல் தடவையாக என் பெயர் வாக்காளர் பட்டியலில் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஒருத்தி பாக்கியில்லாமல் போவோம். தலைக்குக் குளித்து, பெட்டிக்குள் கிடக்கும் சேலையை எடுத்துக் கட்டி, பூ வைத்து, ஸ்கூல் வாசலில் வரிசையில் நிற்போம். உள்ளே முதல் மேஜையில் பெயரைப் படிப்பார்கள். இரண்டாவது மேஜையில் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். மூன்றாவது மேஜைப் பக்கம் பெண்கள் போவதில்லை. அங்கே அண்ணன் நிற்பான். எங்கள் தெருவுக்கு அவன்தான் ஆள். "ம், ஆச்சு, போ" என்பான். மை காய்வதற்காக விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்துவிடுவோம். யாருக்கு மை நன்றாகப் பிடித்திருக்கிறது, யாருக்கு வெளுத்திருக்கிறது என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். சிலர் அந்த விரல் சாணியில் படாமல் தூக்கிக்கொண்டே தொழுவம் கூட்டுவார்கள்.

மை வைப்பதுதான் ஓட்டு என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எந்தச் சின்னத்துக்கு என்று ஆண்கள் கோயில் வாசலில் கூடி முடிவு செய்வார்கள். எத்தனை விரலில் மை இருக்கிறதோ அத்தனை ஓட்டு அந்தச் சின்னத்துக்கு என்று சர்க்காரில் எழுதிக்கொள்வார்கள் என்று கணக்கு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை.

மறுநாள் மில்லில், பக்கத்து மிஷினில் வேலை பார்த்த அக்காவிடம் விரலைக் காட்டினேன். அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ராஜபாளையத்துக்காரி.

"நானும் ஓட்டுப் போட்டுட்டேன்க்கா, பாருங்க. எம்புட்டுக் கறுப்பா இருக்கு!"

"சரி. யாருக்குக் குத்துன?"

"எதைக்கா?"

"முத்திரைய. சீட்டுல."

"என்ன சீட்டு?"

அக்கா கையிலிருந்த கோனைக் கீழே வைத்தாள். நான் முழுசாகச் சொல்லி முடித்ததும், "பிச்சிதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெலுங்கில் பைத்தியக்காரி என்று அர்த்தம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. பஞ்சுத் தூசிக்குள் நான் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். மை என்பது ஓட்டு இல்லை, ஒரு ஆள் இரண்டு தடவை வராமல் இருக்க வைக்கிற அடையாளம். ஓட்டு என்பது சீட்டு, அதில் நம் கையால் குத்துகிற முத்திரை. இதைச் சாப்பாட்டு நேரத்தில் டிபன்பாக்ஸ் மூடியை வைத்து அக்கா எனக்கு விளக்கினாள். வெட்கம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரக்கூட இல்லை. "ஒனக்கு எதுக்குட்டி அந்தச் சோலி? அதான் நான் குத்தியாச்சுல்ல" என்றான். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மதினியின் கை ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். மதினி என்றால் அவன் பெண்டாட்டி. நெடுநெடுவென்று வளர்த்தி, வாய் மட்டும் இல்லாதவள் மாதிரி இருப்பாள்.

அடுத்த தேர்தலில் மை வைத்ததும் நான் பின்வாசலுக்குப் போகவில்லை. நேரே மூன்றாவது மேஜைக்குப் போய், "எஞ்சீட்டக் குடுங்க சார்" என்றேன். ஆபீசர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி, வீட்டுக்குப் போ" என்றான் அண்ணன். நான் எட்டி அவன் கையிலிருந்த சீட்டைப் பிடித்தேன். நல்ல காது இருக்கிற பக்கத்தில் அறைந்தான். காது இரைந்தது. சீட்டை விடாமல் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் தோலுக்குள் இறங்கி வாயில் உப்புக் கரித்தது. மைக்குப்பி கவிழ்ந்து என் சேலை முழுக்க மை. பிறகு என் கொண்டையைச் சுருட்டிப் பிடித்து, ஸ்கூல் மைதானத்தில் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். சரளைக்கல் முதுகைக் கிழித்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தி உள்ளே போனாள், வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது. அடித்தவன்மீதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அந்த ஓர் அடி நகர்ந்தார்களே, அதை நினைத்துத்தான் பல நாள் பல்லைக் கடித்தேன்.

ஒரு வாரம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மதினி தினமும் கஞ்சி கொண்டுவந்து, முதுகில் மஞ்சளைப் பற்றுப் போட்டாள். பேசமாட்டாள். நாலாவது நாள், வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, அந்த மூணாவது மேசைல அப்படி என்னதான் இருக்கு?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு நடந்தது. செட்டியார்பட்டிப் பக்கமிருந்து ஒரு டீச்சர் சைக்கிளில் வருவார். ஒரு நாள் ஏதோ பழைய பத்திரிகையைப் பிரித்து, மெக்சிகோ என்று ஒரு நாடு இருக்கிறது, அங்கே ஒரு அம்மா இருந்தார் என்று ஆரம்பித்தார். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சங்கம் வைத்தாராம். தேர்தலில் நின்று ஜெயித்தும்விட்டாராம். கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, இருக்க விடாமல் துரத்தினார்களாம். அப்படியும் அடங்கவில்லையாம். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், "ஆத்தாடி!" என்றார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"டீச்சர், அவிய ஓட்ட அவியளே குத்துனாகளா?"

"அதுக்குத்தானே அவங்க அம்புட்டுப் பாடும் பட்டது" என்றார் டீச்சர்.

அந்த அம்மாவின் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் நானே கண்டுபிடித்ததுபோல அவரை எனக்குள் வைத்துக்கொண்டேன். மாங்காய் பறிக்கிற காலம் வந்தது. என் வார லீவு நாளில் தோப்புக்குப் போய், பெண்கள் கஞ்சி குடிக்க உட்காரும் நேரத்தில் பாடம் நடத்தினேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, குங்குமத்தைக் கரைத்து, அதில் தொட்டுக் குத்தினால் அச்சு அசல் முத்திரை மாதிரியே இருக்கும். சின்னத்துக்கு நேராகக் குத்த வேண்டும், கோட்டில் படக் கூடாது. முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்காக. மாற்றி மடித்தால் ஈரம் இன்னொரு சின்னத்தில் ஒட்டி ஓட்டுச் செல்லாமல் போய்விடும். கடைசிப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: "யாருக்குக் குத்துனோம்னு ஒருத்தருட்டயும் சொல்லக் கூடாது. புருசன்ட்டயும் சொல்லாதீங்க, எங்கிட்டயும் சொல்லாதீங்க."

மதினி தோப்புக்கு வரமுடியாது. அவளுக்கு மாட்டுத்தொழுவத்தில் பாடம் நடத்தினேன். எல்லோரிலும் அவள்தான் நறுவிசாக மடிப்பாள். ஒரு நாள் அண்ணன் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டியபோது, கடைசிப் பக்கங்கள் முழுக்கக் குங்குமத்தில் வெண்டைக்காய் முத்திரை. மாடு கட்டும் கயிற்றை மடித்து அவளை அடித்தான். நான் ஓடிப்போய் நடுவில் விழுந்து எனக்கும் நாலு விழுந்தது. அவன் மூச்சு வாங்கி நிறுத்தியதும், மதினி எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் தொழுவத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

பிறகு, பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய அந்தத் தேர்தல் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்ணுக்கு என்று அறிவித்தார்கள். கோயில் வாசலில் ஆண்கள் கூடினார்கள். "எம்பொண்டாட்டி நிப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான் அண்ணன். எல்லோருக்கும் சம்மதம். வேறு யாரும் மனுப் போடக் கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். தான் நிற்கப்போவது மதினிக்கு, போட்டோ பிடிக்க வந்த ஆள் சொல்லித்தான் தெரியும்.

ஒருத்தர் மட்டும் நின்றால் போட்டியில்லை என்று சொல்லித் தலைவருக்குத் தேர்தலே நடத்தமாட்டார்கள். இத்தனை வருஷம் வெண்டைக்காயில் குத்திப் பழகியவர்கள் தலைவருக்கு யாரென்று சொல்ல ஒரு சீட்டைக்கூடத் தொட முடியாது. அதனால்தான் நான் நின்றேன். தலைவராகிற ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆசை இருந்தது. நிறையவே இருந்தது.

மனுப் போட ஸ்ரீவில்லிபுத்தூர் யூனியன் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். கோபுரம் தெரிகிற இடத்தில் பஸ் நின்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் ஏறி, என்னைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். பையைப் பிடுங்கி, மனுவைக் கிழித்து ரோட்டில் எறிந்தார்கள். ஒருவன் என் வயிற்றில் மிதித்தான். நான் விழுந்த இடத்திலிருந்தே கெட்ட வார்த்தையில் திட்டினேன். எனக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் போன பிறகு எழுந்து நடந்தேன். ஆபீஸ் வாசலில் மில் அக்கா, எழுதி வைத்த இன்னொரு மனுவோடு நின்றிருந்தாள். "ஒன்னய நம்பலாம், ஒங்க ஊர்க்காரனுவள நம்ப முடியாது" என்றாள்.

எனக்குக் கட்டில் சின்னம் கொடுத்தார்கள். மதினிக்குப் பூட்டு சாவி. புருஷனை விட்டு வந்தவளுக்குக் கட்டில் சின்னம் என்றால் ஊர் ஆண்களின் வாய் சும்மா இருக்குமா? என் அறைச் சுவரில் கரியால் வரைந்தார்கள், பஸ் ஏறும்போது பாட்டாகப் பாடினார்கள். சின்னம் கொடுப்பதற்கு முன்னாலேயே, மனுவைத் திரும்ப வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், மில்லிலிருந்து வந்து பார்த்தேன், என் ஆடு அறை வாசலில் முன்னங்கால் இரண்டும் வெட்டுப்பட்டுக் கிடந்து கத்தியது. மடி நிறையப் பால் இருந்தது. அது அடங்குகிற வரைக்கும் அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மனுவை வாங்கப் போகவில்லை.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், உச்சி வெயிலில் அண்ணன் என் அறைக்கு வந்தான். தோப்பில் தேங்காய் வெட்டிவிட்டு வந்தவன், கையில் அரிவாள். முதலில் அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதான். நான் அவன் அழுது பார்த்ததில்லை.

"ஊருக்குள்ள எந்தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேட்டி. சீட்டுக் கேக்காத. நீ கேட்டா அம்புட்டுப் பொம்பளையும் கேப்பாளுவ. அன்னைக்கு ஒரு நா வீட்டுல இரு, போதும்."

"இருக்கமாட்டேன்ணே."

"ஒனக்காக ஒருத்தன் கைய ஒடிச்சேனே, அத மறந்துட்டியா?"

"மறக்கலை. அதுக்கு ஒன் கால்ல விழச் சொல்லு, விழுதேன். சீட்ட மட்டும் கேக்காம இருக்கமாட்டேன்."

முகத்தைத் துண்டால் துடைத்தான். எழுந்தான். என் இடது கையைப் பிடித்து இழுத்து அம்மிக்கல்மேல் வைத்து முழங்காலால் அழுத்தினான். "மை வைக்க வெரலு இருந்தாத்தான சீட்டுத் தருவான்" என்றான். இத்தனை தேர்தல் மூன்றாவது மேஜையில் நின்றவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். எல்லா வருஷமும் எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒரு விரலில்தானே மை வைத்தார்கள். அந்த விரல் போனால் ஓட்டுப் போய்விடும் என்று அவன் மனசார நம்பினான். அரிவாள் ஒரே போடு. அம்மியில் இரும்பு பட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

என் அலறலைவிட அவன் அலறல் பெரிதாக இருந்தது. அரிவாளை எறிந்துவிட்டு, துண்டைக் கிழித்துக் கையைக் கட்டி, என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். போகிற டெம்போவை மறித்து ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம், "தூங்கிராதட்டி, தூங்கிராத" என்று என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தான். டாக்டர் கேட்டார். "மில்லுல, மிஷின்ல மாட்டிக்கிட்டு" என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். வெட்டு என்று சொன்னால் போலீஸ் வரும், வாக்குமூலம், ஸ்டேஷன், கோர்ட்டு என்று தேர்தல் நாள் போய்விடும். "ஆமா சார், மில்லுலதான்" என்றேன். அண்ணன் என்னை நம்பாதவன்போலப் பார்த்தான்.

தேர்தல் அன்று காலையில் கைக்கட்டோடு, மில் அக்கா பிடித்துக் கூட்டிவர, ஸ்கூலுக்கு வந்தேன். பெண்கள் வரிசை அப்படியே திரும்பியது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே போனேன். மூன்றாவது மேஜையில் அண்ணன் தலையைக் குனிந்தான். மதினி பெயருக்கு அவன்தான் ஏஜென்ட். இரண்டாவது மேஜையில் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா மைக்குச்சியோடு என் கட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"எனக்கு மை வைக்க வெரலு இல்லம்மா. சீட்டு உண்டா, கிடையாதா?" என்று, வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

அந்த அம்மா அச்சடித்த ஒரு தாளைப் புரட்டினார். "இந்த விரல் இல்லேன்னா அடுத்த விரல்ல வைக்கலாம். ஒரு விரலுமே இல்லேன்னாக்கூட ஓட்டு உண்டும்மா" என்று சொல்லி, கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த நடுவிரலில் மை வைத்தார்.

வெளியே வரிசையில் ஒரு முணுமுணுப்புப் புறப்பட்டுக் கடைசி வரைக்கும் போனது. நான் சீட்டுகளை வாங்கினேன். தலைவருக்கான ரோஸ் கலர்ச் சீட்டில், அட்டை மறைப்புக்குள் நின்று, ஒற்றைக் கையால் கட்டிலில் குத்தினேன். அக்கா பாடம் சொன்ன நாளிலிருந்து நான் காத்திருந்த குத்து அது. தாளைப் பிடித்துக்கொள்ள மறு கை உதவாததில் சின்னத்தில் கொஞ்சம் கோணலாக விழுந்தது. மடிக்கத்தான் பெரும்பாடு பட்டேன், பல்லால் பிடித்து மடித்தேன்.

எனக்கு அடுத்து வந்தவள், "எஞ்சீட்டு" என்று கையை நீட்டினாள். அதற்கடுத்தவளும் நீட்டினாள். அண்ணனோடு நின்ற ஒருவன் ஒருத்தியின் சீட்டைப் பிடுங்கினான். அவள் காலில் கிடந்ததைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தாள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பெஞ்சு உருண்டது. தண்ணீர்க் குடம் ஒருவன் தலையில் உடைந்தது. இந்தத் தடவை போலீஸ்காரர்கள் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள், தடியோடு உள்ளே வந்து ஆண்களை வெளியே தள்ளினார்கள். அந்த அமளிக்குள்தான் மதினி வந்தாள். அவள் சீட்டோடு மறைப்புக்குள் போனதும், "ஏட்டி, எங்கிட்டக் குடு" என்று அண்ணன் பின்னாலேயே பாய்ந்தான். நாலு பெண்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை. மதினி செத்த நேரம் உள்ளேயே நின்றாள். பிறகு சீட்டை நறுவிசாக மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டு எண்ணினார்கள். ஒரு ஓட்டில் நான் தோற்றேன். இரண்டாம் தடவை எண்ணச் சொன்னேன். அப்போதும் அதே ஒரு ஓட்டு.

அந்த ஒரு ஓட்டு என்னைத் தூங்கவிடவில்லை. எவள் மாற்றிக் குத்தினாள்? ஒவ்வொரு முகமாக மனதில் நிறுத்திப் பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, குழாயடியில் அவளோடு முடியைப் பிடித்துச் சண்டை போட்டேன். "நான் ஒனக்குத்தான் குத்துனேன், எம்பிள்ள மேல சத்தியம்" என்று அவள் அழுதாள். நான் நம்பவில்லை.

மதினி தலைவராகிவிட்டாள். கையெழுத்துப் போட அண்ணன் பேப்பர்களை நீட்டினால், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றாள். அதற்கு அடிவாங்கினாள். ஒரு நாள் ஆபீசில் அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எல்லோர் முன்னாலும், "எந்திரிங்க. இது தலைவர் சேர்" என்றாள். அன்று வீட்டுக்குப் போனதும் உதட்டைக் கிழித்துவிட்டான். மத்தியான நேரம், நேரே என் அறைக்கு வந்தாள். உட்காரவைத்து ரத்தத்தைத் துடைத்து மருந்து வைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. மதினி என் இல்லாத விரலின் இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, அந்த எதிர்வீட்டுப் பிள்ளைய ஏசாத. அது நாந்தான்."

"எது?"

"ஒனக்குக் குத்தத்தான் போனேன். சத்தியமாப் போனேன். சீட்ட விரிச்சேன். அதுல என் பூட்டு சாவி இருந்துச்சு. எனக்குன்னு இதுவரைக்கும் எதுலயும் ஒண்ணும் இருந்ததில்லட்டி. அதப் பாத்துட்டு, விட்டுட்டு வர மனசு வரல."

என் வலது கை அவள் கன்னத்தில் விழுந்தது. யோசித்து அடிக்கவில்லை. ஓங்கி, பலமாக அடித்தேன். மருந்து வைத்த உதடு மறுபடியும் பிளந்து தாடை வழியாக ரத்தம் இறங்கியது. மூன்றாவது மேஜையில் என்னை அறைந்தபோது அண்ணனுக்கு உடம்பு எப்படிக் கொதித்திருக்குமோ, அப்படியே எனக்குக் கொதித்தது. அவனுக்கு இருந்த காரணமேதான் எனக்கும் இருந்தது. நான் சொன்ன இடத்தில் அவள் குத்தவில்லை.

மதினி அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த. ஒங்கிட்டயும் சொல்லக் கூடாதுன்ன. சொன்னது என் தப்பு" என்றாள். சொல்லிவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

என் விரலை அண்ணன் வெட்டினான் என்று ஊருக்கெல்லாம் தெரியும், வெளியூர்க்காரர்களிடம்தான் மில் என்று சொல்கிறேன். மதினியை நான் அடித்தது ஒருவருக்கும் தெரியாது. அவள் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.